காதில் ஒரு வெட்டு

லெசோதோ மலைகளில்
காணாமற்போன ஆட்டைப் பற்றிப் பிரசங்கிப்பது கடினம்.
தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுப் போன மேய்ப்பனுக்காக
யாரும் கண் கலங்குவதில்லை.
பின்பெஞ்சிலிருந்து கேட்பார்கள்:
"திருடியது யார், மொருதி?
காது வெட்டைப் பார்த்தீர்களா?"
(போதகரை இங்கே மொருதி என்பார்கள்.
பெண்ணானாலும் அதுவே.)

ஒவ்வோர் ஆட்டின் காதிலும்
வீட்டுக்கு வீடு மாறும் ஒரு வெட்டு.
இடது காதில் முக்கோணம் என்றால் மாலினேயோ வீடு.
வலது நுனி இல்லையென்றால் கடைக்காரர் செகோபே.
திருடுகிறவன் முதலில் செய்வது
இன்னும் கொஞ்சம் வெட்டுவதுதான்.
ரான்ட்சோ அப்படி வெட்டினான்,
பதினேழு காதுகளை.
நான்கு வருடம் சிறையிலிருந்தான்.

திரும்பி வந்த முதல் ஞாயிறு
திருவிருந்துக்கு முன்னால் வந்து முழந்தாளிட்டான்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
குதிரையேறி நான் கொண்டுபோகும் கிண்ணம்.
பெஞ்சுகள் கிறீச்சிட்டன. யாரோ இருமினார்கள்.
அவன் உதட்டுக்கு ஒரு சாண் தூரம் இருந்தது.
அடுத்த ஆளிடம் போய்விட்டேன்.

"மனந்திரும்புதலுக்குக் காலம் வேண்டும்" என்று
சபைப் பதிவேட்டில் எழுதினேன்,
நல்ல கையெழுத்தில்.
உண்மையில் எனக்குப் பயம்:
காணிக்கைத் தட்டு, வாக்களித்த கூரைத் தகடு,
அடுத்த முறை யார் எனக்குக் கட்டில் தருவார்கள் என்பது.
அதன்பிறகு அவன் வரவில்லை.
நானும் விசாரிக்கவில்லை.

மறுவருடம் ஜூலையில் பனி.
சென்கு ஆற்றுக்கு மேலே பாதை அழிந்தது.
லெரோலே, தூசி என்று பெயர் வாங்கிய என் சாம்பல் குதிரை,
இனி ஓரடியும் இல்லை என்று நின்றுவிட்டது.
நாய் குரைத்த திசையில் இழுத்துக்கொண்டு நடந்தேன்.
கதவைத் திறந்தவன் ரான்ட்சோ.

முதலில் என்னைப் பார்க்கவில்லை.
குதிரை முதுகின் பனியைத் தட்டினான்.
தன் கம்பளியை அவிழ்த்து அதற்குப் போர்த்தினான்.
பிறகுதான்
இங்கே வழிப்போக்கரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி:
"எங்கிருந்து வருகிறீர்கள்?"

எத்தனை ஊர்களில் சட்டென்று சொன்ன பதில்.
அன்று நாக்கு எழவில்லை.

வறட்டி எரியும் அடுப்பு. புளித்த சோளக்கூழ்.
ரொட்டியைக் கையால் பிய்த்து
பெரிய துண்டை என் பக்கம் தள்ளினான்.
இதை உவமையாக்காதே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
பசித்தவளுக்கு ரொட்டி. அவ்வளவுதான்.

"அன்றைக்கு நான் செய்தது" என்று தொடங்கினேன்.
"இங்கே சொல்லாதீர்கள்" என்றான்.
"பார்த்தவர்கள் இங்கே இல்லை.
நான் இருக்கிறேன், நாய் இருக்கிறது.
நாய் அப்போது குட்டி."

ஞாயிறன்று சொன்னேன்.
பிரசங்கம் இல்லை. பீடத்தைவிட்டு இறங்கி,
சேறு காயாத பூட்ஸோடு நின்று,
பயந்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.
செகோபே தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.
அவரோடு பதினொரு பேர்.
பாடகர் வரிசையில் தாழ்ந்த குரல் மொத்தமும் போயிற்று.

மாலினேயோ போகவில்லை.
கிண்ணத்துக்கும் வரவில்லை.
என்னை, அவனை, மறுபடி என்னை,
எண்ணுகிறவள் போலப் பார்த்தாள்.
அந்த ஆடுகள் போன வருடம்தான்
அவள் மகன் பள்ளிக்கூடத்தை விட்டான்.
மன்னித்துவிடு என்று அவளிடம் சொல்ல
ஓர் ஆட்டையும் இழக்காத எனக்கு என்ன வாய்?

மீதிப்பேர் குடித்தார்கள்.
ரான்ட்சோ கடைசியில்.
"காலி" என்றான் கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது,
கழுவி வைக்கட்டுமா என்று கேட்பவன் போல.

மலையிறங்கும்போது காது மரத்திருந்தது.
கையுறையைக் கழற்றி விளிம்பைத் தடவினேன்.
யார் வீட்டு வெட்டு என்று
என் விரலுக்குத் தெரியவில்லை.
வளைவில் ஒரு மேய்ப்பன், பன்னிரண்டு வயதிருக்கும்.
"எங்கிருந்து வருகிறீர்கள், மொருதி?"
"ரான்ட்சோ வீட்டிலிருந்து" என்றேன்.

பையன் திரும்பி
தன் ஆடுகளை
இன்னொரு முறை எண்ணத் தொடங்கினான்.